பன்னிரண்டாம் மாடியில் கூட்டம்

லோகேஸ்வரிக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தொழிற்சாலையில் சூப்பர்வைசர்களோடு மல்லுக்கு நின்றே கற்றுக்கொண்டவள். அது புரிவதால்தான் அவளுக்குக் கோபமே வரும்.

மலேசியாவில் கம்போங் மேடான் அடுக்குமாடியில் பன்னிரண்டாம் மாடி அவள் வீடு. லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காகிவிட்டது. கணவர் சுகுமாறனுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய், கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸுக்கு அவரைப் பக்கத்து வீட்டு ஆஷிக்கும் அவன் தம்பியும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். போன வாரம் படியில் ஆஷிக்குக்குக் கால் வழுக்கியது. வீடு வந்து சேர்ந்ததும் சுகுமாறன், "இனி நான் போகல, விட்டுடு" என்றார். லோகேஸ்வரி அழவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் தம்புசாமி முதல் மாடிக்காரர். வாயாலேயே வடை சுடுகிற மனிதர். லிஃப்ட் என்ன ஆச்சு என்று கேட்டால், ஒரு கூட்டத்தில் "டஃப் நட் டு கிராக்" என்பார். அடுத்ததில், "கேன் ஆஃப் வோர்ம்ஸ் லா, தொறக்கக்கூடாது." கடைசியாக, "ஹாட் பொட்டேட்டோ, யாரும் கையில வாங்க மாட்டேங்கிறாங்க." ஒவ்வொரு கூட்டத்திலும் அதே சிக்கலுக்கு ஒரு புது இங்கிலீஷ் பேர். ஏதோ பெரிய விவகாரம் போலிருக்கிறது என்று சனமும் தலையாட்டிவிட்டுக் கலையும்.

கூட்டத்துக்குப் பீஹூன் சேமியாவும் கறிப்பாப் பலகாரமும் லோகேஸ்வரியின் சமையல்தான். சாப்பாடு இல்லையென்றால் அங்கே ஈ காக்கை வராது. இந்த முறையும் தம்புசாமி வழக்கம்போல ஆர்டர் கொடுத்தார். அவளும் சரி என்றாள்.

சனிக்கிழமை காலை கீழே மண்டபத்தில் ஆள் நிறைந்திருந்தது, மேசை மட்டும் காலி. தம்புசாமி போன் போட்டார்.

"எல்லாம் ரெடிண்ணே. எங்க வீட்டு வாசல்ல இருக்கு. கூட்டத்த இங்கயே வச்சிக்கலாம், வாங்க."

"வெளையாடாத லா. கீழ கொண்டு வா."

"லிஃப்ட் இல்லையேண்ணே."

சனம் சிரித்துக்கொண்டே ஏறியது. வேறு வழியில்லாமல் தலைவரும் ஏறினார். பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. சுகுமாறன் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். லோகேஸ்வரி தலைவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இப்ப ஏறி வந்தீங்களே, இதுக்கு இங்கிலீஷ்ல என்னாண்ணே பேரு?"

தம்புசாமி காலி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"பேரு வேணாம். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும். தேதி தெரிஞ்சப்புறம் சாப்புடலாம்."

பீஹூன் சட்டியின் மூடிமேல் கையை வைத்தபடி அவள் நின்றாள். தம்புசாமி போனை எடுத்தார்.

"திங்கக்கெழம எனக்கு டயாலிசிஸ்," என்றார் சுகுமாறன். "அதுக்குள்ள முடியுமான்னு கேளுங்க."