உரிமையாளர்: இல்லை

ஒரு நாய் யாருடையது என்பதை எதை வைத்துச் சொல்வது? சோறு போடுகிறவருடையதா, அது காவல் காக்கும் பொருளின் சொந்தக்காரருடையதா, இல்லை ஒரு படிவத்தில் துணிந்து தன் பெயரை எழுதுகிறவருடையதா? சென்ற வருடம் இந்தக் கேள்விக்கு நான் ஒரே சொல்லில் பதில் எழுதினேன். ஆறு படிவங்களில் ஆறு தடவை எழுதினேன். அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். மகளுக்கு அப்போது நான்கு வயது, மகன் கைக்குழந்தை. பின்னேரம் ஆனால் கல்முனைப் பக்கத்துச் சனம் முழுக்கக் கடற்கரையில்தான் இருக்கும். சோளம் அவிக்கிறவர், ஐஸ்கிரீம் வண்டி, பாய் விரித்துப் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து குடிக்கும் குடும்பங்கள். வடக்குப் பக்கம் போனால் கரைவலை இழுக்கிறவர்களின் வாடி. தகரம் போட்ட கொட்டில். வலையும் கயிறும் அதற்குள். அந்த வாடியைச் சுற்றித்தான் ஆறு நாய்களும் கிடக்கும்.

எங்கள் ஊர் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வளர்ந்த சட்டம் இது. அதனால் கடற்கரை நாய்களுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. மீன் தெரிந்தெடுக்கும்போது எறியும் தலைகளில் அவை வாழ்ந்தன. அவற்றில் ஒன்று மட்டும் வலைக் குவியலின் மேலேயே படுத்திருக்கும். செம்மண் நிறம், ஒரு கால் மட்டும் வெள்ளை. காகம் வலையில் இறங்க விடாது. வலைக்குப் பொறுப்பானவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்போம்; அவர் அதை ‘வாடிக்காரி’ என்று கூப்பிடுவார்.

ஒருநாள் நான் மகனுக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் வாடிப் பக்கம் நிற்கிறாள். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. வாடிக்காரி அதை நக்கிக்கொண்டிருந்தது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் பாதிக் கடற்கரை எழும்பி நின்றது. மகனை யாரோ ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். மகளை இழுத்துக்கொண்டு அலைக்குப் போய் மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவத் தொடங்கினேன். காக்கா வாடிக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

“கடிக்கல்ல தங்கச்சி. நக்கினதுதான். நான் பாத்துட்டுத்தான் இருந்த.”

“அஞ்சு... ஆறு... ஏழு.”

“அது ஆறுதான் தங்கச்சி. முதல்ல அலை வந்து அடிச்சத நீங்க கணக்கெடுக்கப்படா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வலை இழுக்கிற ஒருவர், “மண்ணுக்குப் பஞ்சமில்ல, தண்ணிக்கும் பஞ்சமில்ல. இன்னொருக்காக் கழுவினா என்ன?” என்றார். நான் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு தரம் கழுவினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மகளின் மணிக்கட்டில் ஒரு மெல்லிய கீறல். நாயின் நகமா, நான் மண்ணோடு சேர்த்துத் தேய்த்த சிப்பியா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் பயமும் போகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த தாதி கேட்டார், “வீட்டு நாயா, கட்டாக்காலி நாயா? கொஞ்ச நாளைக்கு அதக் கவனிச்சுப் பாக்க யாராவது இரிக்காங்களா?” காக்கா இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்த நாயைத் தினமும் பார்க்கிறவர். “கட்டாக்காலி நாய்தான்” என்றேன். மகளுக்கு ஊசி ஏற்றினார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் போய் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் அவள் என் அபாயாவைப் பிடித்துக்கொண்டு, “அது என்னக் கடிக்கல்ல உம்மா” என்று அழுதாள். ஊசி போட்டது பிழை என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததைத்தான் நினைக்கிறேன்.

மகளின் முன்பள்ளியில் தாய்மார்களுக்கு ஒரு குழு இருக்கிறது. கடற்கரை நாய்களைப் பற்றி மாநகர சபைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர்தான் அதில் முன்னுக்கு நிற்பவர். “நீதானகா படிச்ச ஆள். உனக்குத்தான் நடந்திரிக்கி. நீயே எழுது” என்றார். யாராவது ஒரு வேலையைத் தந்தால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் நான். எழுதினேன்.

முதல் பிரதியில், ‘நாய் ஒன்று என் மகளின் கையை நக்கியது, அவ்வேளை கீறல் ஏற்பட்டிருக்கலாம்’ என்று இருந்தது. அதோடு ஒரு பந்தியில் வழியும் சொல்லியிருந்தேன். அஸர் முதல் பொழுதுபடும் மஹ்ரிப் வரை வாடிக்காரர்கள் நாய்களைக் கட்டி வைத்தால் போதும். வடக்குப் பக்கம் வலைக்காரருக்கும் நாய்களுக்கும், தெற்குப் பக்கம் பிள்ளைகளுக்கும் என்று ஒரு கயிறு கட்டலாம். எல்லா நாய்களுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும். ராத்தா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நக்கினதுக்கெல்லாம் சபையில இருந்து வருவாங்களா புள்ள? இந்தக் கயிறு கட்டுற கதையெல்லாம் என்னத்துக்கு? நீட்டி எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க.”

இரண்டாவது பிரதியில் ஒரு நாய் பல நாய்களானது. என் மகள் ‘சிறுவர்கள்’ ஆனாள். நக்கியது என்ற இடத்தில் ‘தாக்குகின்றன’ என்று வந்தது. கயிற்றுப் பந்தியை வெட்டிவிட்டேன். என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொன்னார்கள்.

சபை என் கடிதத்தைவிட நியாயமாக நடந்துகொண்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மிருக வைத்தியரோடு சேர்ந்து வந்து கடற்கரையில் மேசை போட்டார்கள். பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் நாய்க்கு ஊசி போட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டி, வாடிப் பக்கத்தில் விட்டுவைப்பார்கள். பின்னேரங்களில் கட்டிவைக்க வேண்டியது பொறுப்பாளரின் கடமை. பொறுப்பாளர் இல்லாதவற்றை அப்புறப்படுத்துவார்கள். நான் வெட்டி எறிந்த பந்தியையே அவர்கள் தாங்களாக எழுதிக்கொண்டு வந்தது போல இருந்தது. கடிதம் எழுதியவள் என்பதால் படிவம் நிரப்ப என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மேசையைச் சுற்றிச் சனம் நின்றது. அதிகாரி ஒவ்வொரு நாயாகக் காட்டி, “இது யார்ட?” என்று கேட்டார். ஒருவர், “கடல்ட நாய் சேர்” என்றார். சிரிப்பு எழுந்தது. நான் எழுதினேன். உரிமையாளர்: இல்லை. அடுத்தது. உரிமையாளர்: இல்லை.

வாடிக்காரியின் முறை வந்தபோது எல்லோரும் காக்காவைப் பார்த்தார்கள்.

“உங்கட தானே காக்கா?” என்று ஒரு இளந்தாரி கேட்டான். “தினமும் சோறு குழைச்சுக் குடுக்கிற. மதினிக்குக் கூட அப்பிடிக் குழைச்சிருக்க மாட்டீங்க.”

“போடா அங்கால” என்று அவனைத் துரத்திவிட்டு, காக்கா மேசையின் என் பக்கமாக வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“தங்கச்சி, என்ட எண்டு சொல்ல எனக்கு ஏலா. மூத்தவளுக்குக் கலியாணம் பேசிட்டு இரிக்கம். மாப்பிள்ள வீட்டார் வந்து விசாரிக்கக்குள்ள, நாய் வளக்கிற வீடு எண்டு ஆராவது சொன்னா முடிஞ்சி. நீங்க படிச்ச ஆள், உங்கள ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உங்கட பேரப் போட்டு உடுங்க. சோறு நான் போடுறன், கட்டி வைக்கிறதும் நான். பேர் மட்டுந்தான்.”

பேனா என் கையில் இருந்தது. படிவத்தில் உரிமையாளர் வரிக்குக் கீழே ‘பொறுப்பாளரின் முழுப்பெயர்’ என்று ஒரு கட்டம். என் விரல் அளவுக்குக்கூட நீளம் இல்லாத கட்டம்.

காவலுக்கு நாய் வைத்திருப்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடத்துக்கே படித்திருக்கிறேன். நாய் என் வீட்டுக்கு வரப்போவதில்லை, வாடியில்தான் இருக்கப்போகிறது. எல்லாம் தெரியும். ஆனால் ராத்தா என் தோளுக்குப் பின்னால் நின்றார். நாய்க்கு எதிராகக் கடிதம் எழுதியவளே நாய்க்குப் பேர் கொடுத்தாள் என்று நாளைக்கு முன்பள்ளி வாசலில் சிரிப்பார்கள். நாளைக்கு அது வேறொரு பிள்ளையைக் கடித்தால்? அந்தப் பிள்ளையின் உம்மா என் வாசல் கடப்படிக்கு வந்து நிற்பாள். நான் எழுதியது போலவே ஒரு கடிதம் எழுதுவாள்.

“வீட்டுல இவரிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றன் காக்கா” என்றேன்.

காக்கா தலையாட்டினார். லொறி வருமுன் வந்து மாற்றலாம் என்று அதிகாரி அவசரப்படுத்தினார். நான் எழுதினேன். உரிமையாளர்: இல்லை.

என் கணவரிடம் நான் கேட்கவே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் லொறி வந்து நாய்களை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “கேட்டிருந்தா போடச் சொல்லியிருப்பனே. பேர் தானே?” என்றார். பிறகு சாப்பிட்டார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான் என் கோப்பையை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

அவற்றை எங்கே விட்டார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவர் காட்டுப் பக்கம் என்றார், ஒருவர் தெற்கே என்றார். ஒலுவில் துறைமுகத்தில் படகுகளுக்கிடையில் வெள்ளைக் கால் நாய் ஒன்று திரிவதாகக் கேள்விப்பட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். மகனை ராத்தாதான் பார்த்துக்கொண்டார். எங்கே போகிறேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். துறைமுகத்தில் உண்மையாகவே செம்மண் நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வெள்ளைக் கால்.

“இதுதானே மகள்?”

மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “இல்ல உம்மா. இதுக்குப் பின்னுக்குத்தான் வெள்ள. அதுக்குக் கைதான் வெள்ள, கால் இல்ல.”

அந்த நாயைப் பற்றிச் சபைக்குக் கடிதம் எழுதியவள் நான். எந்தக் கால் வெள்ளை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடற்கரையில் இப்போது ஒரு பலகை நிற்கிறது. நாயின் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. கொஞ்ச நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள். வலையில் காகம் இறங்கியது. காக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்து முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். என்னைக் கண்டால் அவர் ஸலாம் சொல்வார். முன்னர் என்றால் “தங்கச்சி, இன்டைக்குக் கீரி மீன் நல்லாப் பட்டிரிக்கி, கறிக்குக் கொண்டு போங்க” என்று கூப்பிடுவார். இப்போது ஸலாம் மட்டும்தான். அவர் கோபமாக இருக்கிறாரா, நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு வேறு நாய்கள் வந்தன. எங்கிருந்து என்று தெரியாது. பழைய ஆறும் எங்களுக்கு முகம் தெரிந்தவை, எங்களைத் தெரிந்தவை. இவற்றை யாருக்கும் தெரியாது. பலகையை அவை வாசிப்பதில்லை. அவற்றில் கறுப்பு நாய் ஒன்று வலைக் குவியலுக்குப் பக்கத்தில் படுக்கத் தொடங்கியிருக்கிறது. மேலே ஏறவில்லை, இன்னும் பக்கத்தில்தான். போன கிழமை காக்கா அதற்கு ஒரு மீன் தலையை எறிந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் மேசை போடப்போகிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஆள் என்று என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வெற்றுப் படிவங்கள் என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. மகளுக்கு இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். நேற்று ஒரு படிவத்தை எடுத்து, ‘பொ-றுப்-பா-ளர்’ என்று வாசித்துவிட்டு, “இதுல யார்ட பேர் உம்மா வரும்?” என்று கேட்டாள். தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன்.

இதை வாசிக்கும் உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கறுப்பு நாய்க்கு நான் பெயர் எழுதலாமா? எழுதினால் அது அந்த நாய்க்காகவா, அல்லது என் மனம் ஆறுவதற்காகவா? இந்த முறை காக்கா என்னிடம் கேட்கவில்லை. கேட்காதவரிடம் நானே போய், பேர் நான் தருகிறேன், சோறு நீங்கள் போடுவீர்களா என்று கேட்பது முறையா? உங்கள் ஊர்க் கடற்கரையில் பிள்ளைகளுக்கு ஒரு நேரம், நாய்களுக்கு ஒரு பக்கம் என்று யாராவது பிரித்து வைத்திருக்கிறீர்களா? கயிறு கட்டினீர்களா, அது நின்றதா? எங்களைப் போன்ற வீடுகளில் யாராவது ஒரு நாய்க்குப் பொறுப்பேற்றிருந்தால், வாசலில் வந்து கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மேசை போடுவதற்கு முன் தெரிந்தால் நல்லது.