ஆறாம் தேதியும் எட்டாம் தேதியும்

சிட்னியில் ஒரு கலைக்களஞ்சியப் பதிப்பகத்தின் மூன்றாம் மாடியில் ஹெல்வி ரன்டகாரிக்கு வேலை. கட்டுரை எழுதுவது மற்றவர்கள். அவர்கள் எழுதியதில் தேதியும் பெயரும் ஊரும் சரியா என்று பார்ப்பது அவள். ஏழு வருஷமாகப் பார்த்து வந்தாள்; நதிகளின் நீளம், அரசர்களின் ஆட்சிக் காலம் என்று எது வந்தாலும் முகம் மாறாமல் திருத்திவிட்டு அடுத்த தாளை எடுப்பாள்.

1959 மார்ச்சில் ஒரு நாள் ‘போர் அறிவிப்புகள்’ என்ற கட்டுரையின் புரூஃப் அவள் மேசைக்கு வந்தது. 1941 டிசம்பர் 6 அன்று பிரிட்டனும் அதன் காமன்வெல்த் நாடுகளும் பின்லாந்து, ஹங்கேரி, ருமேனியா மீது போர் அறிவித்தன என்று ஒரு வரி. அந்த வரியில் வைத்த பென்சிலை அவளால் நகர்த்த முடியவில்லை.

அந்த டிசம்பரில் அவளுக்குப் பதினொரு வயது. வட குவீன்ஸ்லாந்தில், டல்லிக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். அப்பா தொய்வோ கரும்பு வெட்டுகிறவர். பின்லாந்திலிருந்து வந்து பதிமூன்று வருஷம் ஆகியும் குடியுரிமைக்கு எழுதிப் போடாதவர். அடுத்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்றே தள்ளிப்போட்டுவிட்டார்.

ஆறாம் தேதி சனிக்கிழமை பின்லாந்தின் சுதந்திர தினம். சுற்றுவட்டாரத்து பின்லாந்துக்காரர்கள் நாலைந்து குடும்பம் அவர்கள் வீட்டில்தான் கூடினார்கள். அம்மா சைமி ஏலக்காய் ரொட்டி சுட்டிருந்தாள். மறுநாள், பின்லாந்து மீது பிரிட்டன் போர் அறிவித்துவிட்டதாக ரேடியோ சொன்னது. அப்பா எழுந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிரிட்டனோடு போர் என்றால் ஆஸ்திரேலியாவோடும்தான், இனி தான் எதிரி நாட்டவன் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு வெட்டு முடியுது. பாதியில விட்டுட்டுப் போனா கூட்டாளிங்க என்ன நெனைப்பாங்க? முடிச்சிட்டுப் போங்க.”

அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். திங்கட்கிழமை இருட்டும்வரை வெட்டினார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிட ஆள் வருவதற்கு முன்னால் தானே போய் ஸ்டேஷனில் நின்றார். போனவர் திரும்பவில்லை. தெற்கே ரயிலில் நாலு நாள் தள்ளி ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

விடுதலை கேட்டு அவர் போட்ட மனுவை மூன்று பேர் விசாரித்தார்கள். எதிரி நாட்டவன் ஆன பிறகும் மூன்று நாள் ஆஜராகாமல் வெளியே திரிந்தவன், நம்பத்தக்கவன் அல்ல என்று எழுதி மனுவைத் தள்ளினார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் நிமோனியா கண்டு முகாமிலேயே இறந்துபோனார். தகவல் வந்த அன்று அம்மா அழவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, “நான்தான் போக விடல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சொல்வாள்.

ஹெல்வி புரூஃபை மடித்து வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய் அரசிதழைத் தேடி எடுத்தாள். ஆஸ்திரேலியா பின்லாந்துடன் போரில் இறங்கியது டிசம்பர் எட்டு, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. அதை ஒருமுறைக்கு நாலு முறை படித்தாள். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு அப்பா கரும்புக்குள் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அவர் இந்த நாட்டுக்கு எதிரியே இல்லை. வெளியே இருந்தது மூன்று நாள் அல்ல, ஒரு ராத்திரி.

தலைமை ஆசிரியர் டாரன்ட்டிடம் நகலைக் கொண்டுபோனாள். நல்ல மனிதர், ஆனால் பக்கக் கணக்கில் கறார்.

“முப்பத்தொன்பதுல ஜெர்மனி மேல நாம தனியாவா அறிவிச்சோம், ஹெல்வி? லண்டன் சொன்னா நமக்கும் சேத்துத்தான்னு பிரதமரே சொன்னாரே.”

“முப்பத்தொன்பதுல சரி சார். நாப்பத்தொண்ணுல அப்படி இல்ல. நம்ம அரசாங்கம் தனியா முடிவெடுத்து, தனியா அறிவிச்சிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு.”

“ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரின்னு போனா கட்டுரை ரயில் டைம்டேபிள் மாதிரி ஆயிடும்மா.”

“டைம்டேபிள்ல தேதி தப்பா இருந்தா, வண்டிய தவற விட்டவன்தானே சார் கஷ்டப்படறான்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். யாருடைய வண்டி என்று கேட்டார். ஏழு வருஷத்தில் அந்த அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததை அவள் நின்றபடியே சொன்னாள். டாரன்ட் பேனாவைத் திறந்து ‘காமன்வெல்த் நாடுகளும்’ என்பதை அடித்து, நாடு வாரியாகத் தேதி போட்டுத் தரச் சொன்னார்.

அடுத்த வருஷம் தொகுதி வெளிவந்ததும் லீவு போட்டு, புத்தகத்தோடு வடக்கே ரயில் ஏறினாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து, அந்த வரியைத் தங்கள் மொழியில் சொன்னாள். அம்மா விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை போயிருந்தா?”

“எங்களுக்கு ஒண்ணும் உத்தரவு வரல, வீட்டுக்குப் போய்யான்னு அனுப்பியிருப்பாங்க. நீ தடுத்ததுல ஒண்ணும் ஆகல அம்மா. அப்பாவ விசாரிச்சவங்கதான் லண்டன் தேதியிலேர்ந்து எண்ணிட்டாங்க.”

அம்மாவின் முகம் தெளியும் என்று காத்திருந்தாள். தெளியவில்லை.

“விசாரிச்ச அந்த மூணு பேர்ல ஒருத்தருக்குமா இது தெரியல?”

“தெரியல.”

“உங்கப்பாவுக்கும் தெரியாது.” அம்மா புத்தகத்திலிருந்து கையை எடுத்தாள். “தான் பண்ணினது தப்புன்னு நெனச்சுக்கிட்டேதான் செத்திருக்காரு. என்னாலன்னு நெனச்சாரோ என்னவோ.”

அது ஹெல்விக்குத் தோன்றியதே இல்லை. ஆறுதல் கொண்டு வந்ததாக நினைத்து ரயில் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்று பகல் முழுவதும் அம்மா அழுதாள். பதினேழு வருஷத்து அழுகை. ஹெல்வி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை. நாலு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.

1971 பதிப்பில் புது ஆசிரியர் கட்டுரையைச் சுருக்கினார். நாடுகள் மறுபடி ஒரே வரிக்குள் வந்தன, ஆறாம் தேதியின் கீழ். ஹெல்வி அரசிதழ் நகலை இணைத்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். இடமில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதிக் கொடுத்தாள்.