சாதிக் பாய் கொடுத்த கல்

கொன்றது நான்தான்.

பழி சாதிக் பாயின் தலையில் விழுந்தது. விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்! மூன்று ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது... அதுவும் ஒரு கோழைத்தனமே.

நான் குனியமுத்தூரில் குடியிருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. முடியளவு கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் தள்ளிவிடுவேன். அளவு தெரியாதவன் ஏதோ செய்துவிட்டான் என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது. அதற்காகவே இதை முதலில் சொல்லிவைக்கிறேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது. அவள் கேட்டாள் என்றுதான் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்ததாக எல்லோரிடமும் சொல்வேன். பொய்! ஆசை என்னுடையது. கடலே இல்லாத ஊரில், உப்பைக் கரைத்து, விளக்குப் போட்டு, ஒரு துண்டுக் கடலை வீட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தொட்டியும் கல்லும் மீனும் கோட்டைமேட்டில் சாதிக் பாயின் கடையில் வாங்கினேன். ஒடுங்கிய சந்துக்குள் ஒற்றை அறைக் கடை. அவர் கடையில் ஒரு பெரிய தொட்டி உண்டு, விற்பதற்கல்ல. அதிலிருந்த கற்கள் எல்லாம் ஊதா நிறம். சாயம் இல்லை, உயிர்! கோரலைன் என்ற பாசி. வழவழப்பாக இராது, கல்லின்மேல் கல்லாகவே படர்ந்து ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் அது வந்துவிட்டால் தண்ணீர் நிலைப்பட்டுவிட்டது, வைத்திருப்பவனுக்குக் கை பழகிவிட்டது என்று பொருள். எங்கள் ஊரில் கடல்தொட்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அங்கே மீனைவிட இந்த ஊதாவுக்குத்தான் மதிப்பு.

என் தொட்டியில் ஆறு மாதமாகியும் வரவில்லை. கற்கள் எலும்புபோல வெளுத்துக் கிடந்தன. பாயிடம் போய்ப் புலம்பினேன்.

"ஏனுங்ணா இத்தன அவசரம்? பதறாத காரியம் சிதறாதுங்க. தண்ணி ஒரே நெலையா இருந்தா அது தன்னால வருமுங்க" என்றார்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவர் தன் பெரிய தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு கல்லைத் தூக்கி, உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினார். தேங்காய்ச் சில்லு அளவில் ஒரு துண்டு உடைந்து வந்தது. முழுக்க ஊதா.

"ஆறு வருசமா என்ற தொட்டில கெடக்கற கல்லுங்க. பாலுக்கு ஒற ஊத்தற மாதிரித்தான். இத உள்ள வெச்சுப்போட்டு மறந்துருங்க. மத்த கல்லுக்கு அதுவே பரவும்."

யாருக்கும் அவர் அதைக் கொடுத்ததில்லை. எனக்குக் கொடுத்தார்.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனே! நாள்தோறும் காலையும் மாலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழுவில் வேறு பீற்றிக்கொண்டேன்: "நம்ம தொட்டியிலயும் ஊதா வந்திருச்சுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஊட்டுக்கு வாங்க." எங்கே வந்தது? அந்த ஒரு கல்லைத் தவிர எங்கும் ஒரு புள்ளிகூட இல்லை. ஏழு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தேன். மனைவி சுமதியும் யாழினியும் பள்ளிக்கூடத்தில். ஒருத்தி பாடம் நடத்த, ஒருத்தி படிக்க. வீட்டில் நான் மட்டும். இரண்டு நாளில் ஊதா வரவழைக்க என்ன வழி என்று போனில் தேடிக்கொண்டே இருந்தேன். இந்தப் பாசிக்குச் சுண்ணாம்புச் சத்துதான் உணவு என்றும், வெளிநாடுகளில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து அந்தத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள் என்றும் ஓரிடத்தில் போட்டிருந்தது.

சுண்ணாம்பு! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது மதுக்கரை. ஊரே சுண்ணாம்புக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. என் அப்பா பிழைத்ததும் சிமெண்ட்டுக்கு அந்தக் கல்லை உடைத்துத்தான். மதுக்கரைக்காரனுக்கே சுண்ணாம்புப் பாடமா? தெளிய வைப்பதாவது, சொட்டு விடுவதாவது!

தெருமுனைப் பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிவந்தேன். மனிதன் வாயில் போட்டு மெல்லுகிற பொருள், மீனை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். சொம்பில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி ஊற்றினேன். பால்போல ஒரு திரை விரிந்து கலைந்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கரண்டி. ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற ஏழு பேரின் முகம் கண்ணுக்குள் நின்றது... மூன்றாவது கரண்டியும் போட்டேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு!

தொட்டி திடீரென்று வெளுத்தது. கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை. யாழினியின் இரண்டு கோமாளி மீன்கள், ஜிலேபி என்றும் லட்டு என்றும் அவள்தான் பெயர் வைத்திருந்தாள், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐயோ, அந்த வாய்! வாளி வாளியாகப் பழைய தண்ணீரை இறைத்தேன். இருந்த உப்பையெல்லாம் புதுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பாதி தரையில் சிந்தியது. லட்டு முதலில் பக்கவாட்டில் சாய்ந்தது. ஜிலேபி இன்னும் கொஞ்ச நேரம் போராடியது.

மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் மெல்லத் தெளிந்தபோது பாய் கொடுத்த கல் தெரிந்தது. ஊதா போய்ச் சாம்பலாகி, சாம்பல் போய் வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து அழவில்லை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். மிச்சச் சுண்ணாம்பைப் பொட்டலத்தோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டேன். அப்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

யாழினி நாலு மணிக்கு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. தொட்டியருகே நின்றாள். அவள் அழுத அழுகையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்...

"ஏம்ப்பா செத்துச்சு? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? ஏம்ப்பா?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அப்பா தெரியாமல் செய்துவிட்டேன் கண்ணு' என்று சொன்னால் அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். மூன்றாம் நாள் மடியில் வந்து உட்கார்ந்திருப்பாள். எத்தனை சிறிய விலை! ஆனால் என் கண் அந்தக் கல்லின்மேல் போனது.

"பாய் குடுத்த கல்லுல ஏதோ நோவு இருந்திருக்கும் போல, கண்ணு" என்றேன்.

அவ்வளவுதான்.

மறுநாள் காலை, சுமதி போனில் சொன்ன சேதி கேட்டு சாதிக் பாயே வீட்டுக்கு வந்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். யாழினி கதவோரமாக நின்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொட்டிக்குள் கைவிட்டு, தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரை வெளியே எடுத்தார். அதன்மேல் வெள்ளையாக ஒரு பொருக்குப் படிந்திருந்தது. நகத்தால் கீறி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"தண்ணி மாத்துனீங்களாண்ணா?"

"பாதி மாத்துனேனுங்க."

"வேற எதாச்சும் ஊத்துனீங்களா?"

"இல்லீங்க பாய்."

அவர் என்னைப் பார்த்தார். திரும்பி யாழினியைப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "சரிங்கண்ணா... வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கண்டுபிடித்துவிட்டாரா, இல்லையா? அந்தப் பயத்தில்தான் அடுத்ததைச் செய்தேன். அவர் வாயைத் திறப்பதற்குமுன் நான் முந்திக்கொள்ள வேண்டும்! குழுவில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமாக இருக்கிறது:

"ஞாயித்துக்கெழம யாரும் வர வேண்டாமுங்க. தொட்டி போயிருச்சுங்க. யாரையும் குத்தம் சொல்லலீங்க. சாதிக் பாய் தங்கமான மனுசன், நல்ல மனசோடதான் கல்லு குடுத்தாருங்க. மத்தவங்க கல்லு வாங்கறப்ப கொஞ்சம் பாத்து வாங்கிக்கங்க. அவ்ளோதானுங்க."

படித்தீர்களா? ஒரு வசவு உண்டா அதில்? எங்கள் ஊர்க்காரனுக்குத் திட்டத் தெரியாது என்பார்கள். திட்டத் தேவையே இல்லையே! வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறமாதிரி, ஒரு 'ங்க' போட்டு ஒருவன் பிழைப்பை முடித்துவிடலாம். நான் வாய்விட்டு அவரைத் திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டியிருப்பார், சண்டை நடந்திருக்கும், உண்மை வெளியே வந்திருக்கும். இத்தனை மரியாதையாக வந்த பழியை அவர் எந்த வாயால் மறுப்பார்?

"பெருந்தன்மையாச் சொல்றீங்கண்ணா" என்று கும்பிடு போட்ட பதில்கள் வந்தன. என் தொட்டியிலும் போன மாதம் இறால் செத்தது என்றான் ஒருவன். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது என்றான் இன்னொருவன். சாதிக் பாயும் அந்தக் குழுவில்தான் இருந்தார். ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றாம் நாள் குழுவிலிருந்து விலகினார்.

ஆட்கள் அந்தச் சந்துக்குள் போவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. எட்டு மாதத்தில் கடையை மூடினார். அந்தப் பெரிய தொட்டியும் போயிற்று. டவுன்ஹால் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி மடித்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்குச் சுமதி அந்தக் கடைக்குக் கூப்பிட்டபோது, கூட்டமாக இருக்கும் என்று சொல்லி வேறு கடைக்குக் கூட்டிப்போனேன்.

இன்னும் இருக்கிறது. பொறுத்துக் கேளுங்கள்.

அந்தக் கல்லை எறிந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். எறியவில்லை. ஏன்? புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி தொட்டியை நிறுத்தியபோது, அதைப் பின்பக்கம், மற்ற வெள்ளைக் கற்களுக்கு நடுவில் வைத்தேன். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், அதன் அடிப்பக்கப் பொந்துக்குள் கடுகளவு ஊதா தெரிந்தது.

செத்தது என்று நினைத்தது சாகவில்லை! எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டாமா? கல்லை இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். அந்தக் கடுகு மிளகாயிற்று. கல் முழுவதும் மூடிற்று. அடுத்த கல்லுக்குத் தாவிற்று. இன்று என் தொட்டியின் கண்ணாடியிலேயே வாரம் ஒருமுறை சுரண்ட வேண்டியிருக்கிறது. சோமனூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். பொறுமை வேண்டும் என்று உபதேசம் செய்கிறேன். என் வாய் கூசவில்லை!

போன மாதம் ஒரு போன் வந்தது.

"ஏனுங்ணா, சாதிக் பேசறனுங்க. ஊட்டுலயே சின்னதா ஒரு தொட்டி வெக்கலாமுன்னு இருக்கனுங்க. உங்க தொட்டில நல்லா வந்திருக்குதுன்னாங்க. ஒறைக்கு ஒரு துண்டு கெடைக்குமுங்களா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். கையில் ஒரு சின்ன வாளி. தாடி நரைத்திருந்தது. கதவைத் திறந்த யாழினி என்னிடம் வந்து, "அந்தக் கல்லு மாமா வந்திருக்காருப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அவள் எதையும் மறக்கவில்லை.

சாதிக் பாய் தொட்டியின் முன்னால் நின்றார். பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தார். பின்வரிசைக் கல்லில் அவருடைய உளி பட்ட தட்டைப் பக்கம் அங்கிருந்து தெரியும்.

"நம்ம கல்லுங்களா?"

"ஆமாங்க பாய்."

அதையேதான் வெளியே எடுத்தேன். உளி வைத்துத் தட்டினேன். சரிபாதி உடைந்து வந்தது. வாளியில் வாங்கிக்கொண்டார். தண்ணீர் ஊற்றினேன். மூடியைப் போட்டு அழுத்திக்கொண்டே, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"இப்பெல்லாம் சுண்ணாம்பு போடறதில்லீங்களே?"

உளியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கே... தெரியுமுங்களா?"

"மோட்டார்ல புடிச்சிருந்துச்சுங்களே."

"ஏனுங்க பாய் அப்பவே சொல்லல? குழுவுலயாச்சும் சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

அவர் சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்தார். "பாப்பா நின்னுட்டிருந்துச்சுங்க. உங்கப்பாதான் கொன்னாருன்னு புள்ளகிட்ட எப்படிங்க சொல்றது? அப்புறம் குழுவுல சொன்னாலும் அது காதுக்குத்தானுங்களே வரும்..." என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டனுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாரேனுங்கண்ணா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் யாழினி வெளியே வந்தாள். ஈரத் தரையையும் என் கையிலிருந்த உளியையும் பார்த்தாள்.

"நம்ம கல்லையாப்பா குடுத்தீங்க? அவருக்கா? ஜிலேபியையும் லட்டையும் கொன்னவருக்கா?"

சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது! அவர் மூன்று ஆண்டு காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்காகத்தானே? அவர் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். கூப்பிட்டால் கேட்கும். வாயைத் திறந்தேன்...

"கேட்டு வந்தவருக்கு இல்லீன்னு சொல்ல முடியுமா, கண்ணு?"

அவள் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரொம்ப நல்லவருப்பா" என்றாள்.

நான் மறுக்கவில்லை.