ஒற்றைக் கண்மலர்

போன வாரம் எங்கள் தீவின் சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தையில் ஒரு மாவுச் சல்லடையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதாகக் கடைக்காரி நினைத்திருப்பாள். ஓட்டை இல்லாத சல்லடை எங்கே இருக்கிறது? நான் தேடியது வாசனையை. புதுக் கம்பிவலைக்கு ஒரு வாசனை உண்டு. அதோடு கொஞ்சம் ஈரச் சாக்கு, கொஞ்சம் வியர்வை சேர்ந்தால் அது என் அப்பாவின் முகம். எங்கள் வீட்டில் இப்போது யாரும் மாவு சலிப்பதில்லை. இருந்தும் அந்தச் சல்லடையை வாங்கிவிட்டேன். கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று மகள் சொல்வாள், சொல்லட்டும்.

நான் சொல்வது மாட்டுவண்டிக் காலம். பெரிய கரும்புத் தோட்டத்து முதலாளிகள், தங்களுக்குப் பயன்படாத மூலைகளைத் துண்டு போட்டு எங்களைப் போன்ற கூலிகளின் பிள்ளைகளுக்கு விற்றார்கள். பயன்படாத மூலை என்றால் கல். மண்ணை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "நம்ம காட்டுல கரும்பைவிடக் கல்லுதான் நல்லா வெளையுது" என்பார் அப்பா. ஆண்கள் அந்தக் கருங்கற்களைச் சம்மட்டியால் உடைத்து, வயல் நடுவில் குவித்து வைப்பார்கள். குவியல்கள் சின்னச் சின்னக் குன்றுகளாக நிற்கும். அடிக்கும்போது சில்லுத் தெறிக்கும். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் கன்னத்தில் பொரிப் பொரியாகத் தழும்பு இருந்தது. கன்னத்தில் தைக்கிற சில்லு கொஞ்சம் மேலே ஏறினால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தால் யார் கல் உடைப்பது?

ஒரு நாள் காலையில் நானும் அம்மாவும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். தூரத்திலிருந்தே சம்மட்டிச் சத்தம் கேட்கும். அன்று பாதி வழியில் நின்றுவிட்டது. அப்பா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். "தூசிதான். ஊதி வுடு" என்றார் அம்மாவிடம். அம்மா ஊதினாள். கண்ணின் கருப்பில் குண்டூசி குத்தினாற்போல ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. இவ்வளவுதானே என்று நான் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டேன்.

அப்புறம் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் நடந்தது. நந்தியாவட்டைப் பூவை நனைத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி தாய்ப்பால் கொண்டுவந்து விட்டாள். கண் சிவந்து, வீங்கி, வெளிச்சத்தைக் கண்டாலே நீர் கொட்டியது. மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நாள் குறித்திருந்த நேரம். கண்மலர் சாத்துகிறேன், பூ மிதிக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டிக்கொண்டார். கண்மலர் என்றால் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு ஜோடிக் கண். காப்பு என்றால் மஞ்சள் துண்டு கோத்த கயிறு. கட்டிவிட்டால் தீமிதி முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை ஆற்றுப் பாலம். கட்டிவிட்ட பூசாரி வேறு யாருமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், என் மாமா.

அந்த நாட்களில் சீனன் கடை வாசலில் உட்கார்ந்து காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுக்க ஒரு டாக்டர் வருவார். கடைக்கு முன்னால் உப்புக் கருவாட்டு நாற்றமும் அவருடைய மருந்துப் பெட்டி நாற்றமும் சண்டை போடும். அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். அவர் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தீவுப் பேச்சான கிரியோலில் பேசினார். அம்மாவுக்குப் புரியும்படி மெதுவாகத்தான் பேசினார்.

"கல்லு உள்ளே இருக்கு. இந்தக் கண் செத்துப்போச்சு. இதை எடுத்துடணும்."

"எடுக்கறதுன்னா?" என்றாள் அம்மா.

"கண்ணையே எடுக்கணும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா. இல்லேன்னா நல்ல கண்ணும் கெட்டுப்போகும்."

"அதுல ஒண்ணும் படலியே, தொக்தேர்?"

"படாட்டியும் கெடும். ஒண்ணுல அடிபட்டா சில பேருக்கு மத்ததும் நோவெடுத்துக் குருடாகும். ஆரம்பிச்சுட்டா என்னால நிறுத்த முடியாது."

எனக்குத் திக்கென்றது. இன்றுவரை அந்தத் திக் அடங்கவில்லை. அடிபடாத கண் எப்படிக் குருடாகும்? அவரே சாபம் விடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவின் வலது கண்ணையே பார்த்துக்கொண்டு வந்து, ஒரு கல்லில் இடறி விழுந்தேன். இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு விழுந்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா போக மாட்டேன் என்றார். "காப்பு அவுக்கட்டும். அப்பறம் போறேன்."

"அதுக்குள்ள அந்தக் கண்ணும் போச்சுன்னா? என்னை எதால பாப்பீங்க?" என்றாள் அம்மா. அவள் அப்படியெல்லாம் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா காப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா அப்பாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். காப்புக் கட்டியவர்கள் பூசைக்காகக் கூடியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை. மாமா தட்டோடு வந்தார்.

"அண்ணே, இவரு காப்ப அவுத்து வுடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"என்ன தங்கச்சி பேசுற? கட்டுன காப்ப நடுவுல அவுக்கறதா? ஊருக்கே ஆவாது. அவரு நேந்ததே கண்ணுக்குத்தானே? ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தாதான் அந்த தொக்தேர அனுப்பிச்சா" என்றாள் அம்மா.

மாமா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அம்மா இடுப்பிலிருந்து கரும்புத் தோகை கழிக்கும் கத்தியை எடுத்தாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, அம்மனுக்கு நேரே, அத்தனை பேர் முன்னாலும் காப்பை அறுத்தாள்.

மாமாவின் தட்டிலிருந்த கற்பூரம் மட்டும் எரிந்தது. கூரை இடிந்து விழப்போகிறது என்று மேலே பார்த்தது நினைவிருக்கிறது. அறுந்த கயிற்றை அம்மா தன் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் ஒரு முனையைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். "வர்ற குத்தம் எனக்கு வரட்டும். இவருக்குப் பதிலா நான் எறங்கறேன்" என்றாள். அப்பாவைப் பார்த்து, "வண்டி நிக்குது, போங்க" என்றாள். அவளால் கூடப் போக முடியாது. எல்லை தாண்டக் கூடாதவள் இப்போது அவள். பாலம்வரை வந்து நின்று, வண்டி மறைந்த பிறகும் நின்றாள்.

அப்பா ஒரு கண்ணோடு திரும்பி வந்தார். எடுத்த கண்ணைச் சட்டைப் பையில் வைத்திருப்பார் என்று நான் நம்பினேன். சட்டையைத் துவைக்கப் போட்டபோது பயந்து பயந்து தொட்டும் பார்த்தேன். அம்மா தீயில் இறங்கினாள். அவள் கால் வெந்ததா என்று கேட்காதீர்கள். அவள் காட்டவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த வருஷம் ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் எங்கள் வீட்டைத்தான் பார்த்தார்கள். ஒரு கன்றுக்குட்டி செத்தது, அதுவும் எங்கள் கணக்கில் ஏறியது. மாமா எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஒற்றைக் கண்ணோடு வாழ்வது ஒரு தனி வித்தை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் சில மாதங்கள் அப்பா தேநீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். எது கிட்டே, எது எட்டே என்று அந்த ஒரு கண்ணுக்குப் புரியவில்லை. பிறகு கெட்டில் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டுவிட்டு ஊற்றக் கற்றுக்கொண்டார். படியில் காலைத் தேய்த்து இறங்கக் கற்றுக்கொண்டார். எங்கே போனாலும் அம்மா அவருடைய இடது பக்கமாக நடந்தாள். மனைவி ஓரடி பின்னால் நடக்கிற ஊரில் இது பெரிய வேடிக்கை. "மகாராணி பக்கத்துல வர்றாங்க" என்று கேலி செய்தார்கள். அப்பா கழுத்தை முழுக்கத் திருப்பிக் கேலி செய்தவனைத் தேடிப் பார்த்துவிட்டு, "என் எடது கண்ணு அவதான்" என்பார். எதிரே ஒற்றைக் கண்ணன் வந்தால் சகுனம் சரியில்லை என்று சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு அப்பா கையெடுத்துக் கும்பிடு போடுவார். அதில் எவ்வளவு கும்பிடு, எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும்.

அவர் மறுபடி சம்மட்டியைத் தூக்கிய அன்று அம்மாவின் மாவுச் சல்லடை காணாமல் போனது. தேடிக்கொண்டு வயலுக்குப் போனால், அப்பா வலையை வட்டமாக வெட்டி, விளிம்பில் சாக்குத்துணி வைத்துத் தைத்து, கயிற்றால் முகத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறார். தேன் எடுக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. அம்மா திட்டவில்லை. பக்கத்தில் போய், வலையை விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் நெருக்கமா தைக்கணும்" என்றாள். ஊர் சிரித்தது. சிரித்து முடித்தபின் ஒவ்வொருவராக வந்து, எனக்கும் ஒன்று தைத்துக் கொடு என்றார்கள். எங்கள் ஊரில் சல்லடைப் பஞ்சமே வந்தது. ரொட்டியில் உமி கடிபடாத வீடு இல்லை.

கடைசியாக வந்தவர் மாமா. வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கையில் ஒரு புதுச் சல்லடை. "எம் மூத்தவனும் கல்லு ஒடைக்கப் போறான், தங்கச்சி" என்றார். அம்மா வாங்கி, உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவர் உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடித்தார்.

கண்மலர் நேர்ந்தது நேர்ந்ததுதானே. ஃப்ளாக் தட்டான் எப்போதும் போல ஜோடியாகச் செய்து வைத்திருந்தான். அப்பா அதை நடுவில் வெட்டச் சொன்னார். "இருக்கறதுக்குத்தான் நன்றி சொல்லணும். போனதுக்கு எதுக்கு?" வெட்டிய ஓரம் பிசிறாக இருந்தது, தேய்த்துத் தரட்டுமா என்று தட்டான் கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பாதியை மாமாவே வாங்கி அம்மன் காலடியில் சாத்தினார். அப்பா சாகும்வரை அந்த வலது கண் நன்றாகவே இருந்தது. கடைசி நாளில்கூட அம்மா இடது பக்கம் உட்கார்ந்திருக்க, அவர் தலையைத் திருப்பித் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தையிலிருந்து மகள் என்னை எங்கள் பழைய ஊருக்கு அழைத்துப் போனாள். கல் குவியல் ஒன்றுகூட இல்லை. இயந்திரம் வந்து வாரிக்கொண்டு போய்விட்டதாம். வயல் வழுக்கை மாதிரி இருந்தது. பாலம் இருந்த இடத்தில் அகலமான தார்ச்சாலை. எது எல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோயில் பெரிதாகி, பளபளவென்று வண்ணம் பூசிக்கொண்டு நின்றது. அம்மனுக்குப் புது வெள்ளிக் கவசம். பழைய காணிக்கை வெள்ளி எல்லாவற்றையும் உருக்கிச் செய்தது என்று கோயில் பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார். நல்ல மனிதர். பாட்டெல்லாம் தமிழில் பாடுவார், பேச்சு கிரியோல்தான். எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் பேசினார்; என்னைக் கூப்பிடுவது மட்டும் தாந்தின், அதாவது அத்தை, என்றுதான்.

"அதுல ஒத்தக் கண்ணு ஒண்ணு இருந்துச்சே?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது, ஞாபகம் வந்துவிட்ட சந்தோஷத்தில்.

"வ்வி, தாந்தின்! இருந்துச்சு. ஒடஞ்சதுன்னு நெனச்சு அதத்தான் மொதல்ல போட்டோம்."