சீட்டெடுக்கும்போது சொன்ன பேர்

கொள்ளேகாலத்துப் பக்கம் நாலாவது பாரம் வரைக்கும் படித்துவிட்டு, ரயில்வே உத்தியோகம் கிடைத்து மைசூருக்கு வந்தவன் நான். பிரிட்ஜ் ஆட்டம் எனக்கு அந்த ஆபீஸில்தான் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தது, என்னை இழுத்து உட்கார வைத்தார்கள். என் சம்சாரத்தின் தம்பிக்கும் அதே ஆபீஸில்தான் வேலை. நாளடைவில் அவனே எனக்கு ஜோடி ஆனான்.

"காசு வெச்சு ஆடுனாலாச்சும் தோத்துட்டு நேரத்துல வீடு வருவீங்க. இதுல தோக்கறதுக்கும் ஒண்ணுமில்லை, எந்திரிக்கறதுக்கும் மனசில்லை" என்பாள் என் சம்சாரம்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு ஜோடி. சீட்டு இறங்குவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். நாலு பேர் போட்ட சீட்டையும் வென்று அள்ளுவது ஒரு பிடி; ஆறுக்கு மேல் இத்தனை பிடி எடுப்போம், இன்ன சாதி துருப்பு என்று ஒவ்வொருவரும் கூட்டிக்கொண்டே போகலாம், இல்லை பாஸ் சொல்லலாம். என் கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்குத் தெரிவிக்க அந்த ஏலம் ஒன்றுதான் வழி. முகம் சுளிக்கக் கூடாது. இருமக் கூடாது. ஒரு ஏலத்தை உரக்கவும் இன்னொன்றை முனகலாகவும் சொல்லக் கூடாது. இதில் நான் வெகு கண்டிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக்கூட ஆட்டம் முடியட்டும் என்று இருப்பேன்.

ஆனால் என் வாய் ஒன்று செய்துகொண்டிருந்தது. குடம் தூக்கினாலும் முருகா, நாற்காலியில் சாய்ந்தாலும் முருகா என்று பழகிய வாய் அது. சீட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதும் அப்படித்தான். சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் தசரா சமயத்தில் ஊருக்குள் ஒரு கிளப்பில் டீம் பந்தயம் வைத்தார்கள். டீமுக்கு நாலு பேர். எங்கள் ஜோடி ஒரு மேஜையில், எங்கள் டீமின் இன்னொரு ஜோடி பக்கத்து அறையில். நாங்கள் ஆடிய அதே சீட்டுகள் கலையாமல் நாலு பை வைத்த பலகையில் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே எங்கள் சீட்டு எதிராளி டீமின் கைக்கு வரும். சீட்டு நல்லது கெட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஒரே சீட்டை வைத்து யார் நன்றாக ஆடினார்கள் என்பதுதான் கணக்கு.

எங்கள் மேஜைக்கு எதிராளியாக வந்தவர் ஒரு வக்கீல். கன்னடக்காரர், தமிழும் சரளமாகப் பேசுவார். நல்ல மனுஷர், ஆனால் பார்வை கோர்ட்டுப் பார்வை.

பாதி ஆட்டத்தில் எனக்கு நல்ல கை வந்தது. ஒரு இஸ்பேட் என்று ஆரம்பித்தேன். மச்சினன் நேராக நாலு இஸ்பேட்டுக்குத் தாவினான். ஏலம் முடிந்து ஆட்ட முறைப்படி அவன் தன் சீட்டை மேஜைமேல் விரித்தால் ஒரு ராஜா ராணி கிடையாது. ஐந்து பொடி இஸ்பேட், ஆட்டீன் சாதியில் ஒற்றைச் சீட்டு, மிச்சமெல்லாம் சில்லறை. இருந்தும் ஆறும் நாலும் பத்துப் பிடி வந்தது, ஜெயித்தோம்.

வக்கீல் சீட்டை அடுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்வாமி, தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் முருகனை நீட்டிக் கூப்பிட்டால் உங்கள் ஜோடி நாலுக்குப் போகிறார். சுருக்கிக் கூப்பிட்டால் பாஸ். எங்கள் பக்கம் அப்படிச் சேதி சொல்ல ஒரு தெய்வமும் உட்காரவில்லை."

மச்சினன் எகிறினான். "என்ன பேச்சுங்க இது? கையில அஞ்சு இஸ்பேட் இருந்துச்சு!"

கிளப் காரியதரிசி வந்து சமாதானம் சொல்லி, ஆட்டம் நடக்கட்டும், பிறகு பேசலாம் என்றார். நடுவில் காபிக்கு எழுந்தோம். மச்சினனை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன்.

"மாப்ளே, நிஜத்தைச் சொல்லு. என் வாயைக் கேட்டா ஏலம் உட்டே?"

அவன் மறுபடி எகிறி, இல்லவே இல்லை என்பான் என்று எதிர்பார்த்தேன். "தெரியலீங்க மச்சான். சீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்னு நினைக்கறேன். ஆனா நீங்க சொல்றது செவுத்துக் கடியாரம் மாதிரி. காதுல உழுகுதா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க."

அதற்கு மேல் நான் என்ன கேட்க? பந்தயம் போனால் போகிறது. அந்தப் பெயர் என் வாயில் திருட்டுச் சேதியாகிவிட்டது என்றால் நாளைக் காலையில் விளக்கேற்றி எந்த வாயால் கூப்பிடுவேன்? காபியை அப்படியே வைத்தேன். திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

பிறகு எடுத்த சீட்டெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுத்தேன். கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் எதிராளிகள் மூன்று ஆட்டீன் வரை வந்தார்கள். மச்சினன் முறை. யோசித்தான். விசிறியை எண்ணுகிறவன் மாதிரி கூரையைப் பார்த்து இன்னும் யோசித்தான். பிறகு பாஸ் என்றான். என் முறை வந்தது. ஆட்டீனுக்கு மேற்பட்ட சாதி இஸ்பேட்; என் சீட்டுக்கு மூன்று இஸ்பேட் சொல்லவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம். ஆனால் அவன் அத்தனை நேரம் யோசித்ததிலேயே அவன் கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. முருகா என்பது சேதி என்றால் இந்த மௌனமும் சேதிதானே? பாஸ் என்றேன். வக்கீல் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆட்டம் முடிந்து சீட்டு விரிந்தபோது மூன்று இஸ்பேட் சொல்லியிருந்தால் தாராளமாக ஜெயித்திருப்போம் என்று தெரிந்தது. மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கடைசியில் இரண்டு அறை ஆட்களும் ஒன்றுகூடிக் கணக்கு ஒத்துப் பார்த்தோம். வக்கீல்தான் முதலில் வாயைத் திறந்தார். நான் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை. தன் டீமில் அடுத்த அறையில் எங்கள் சீட்டை வைத்து ஆடிய ஒரு கிழவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மச்சினன் கையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். "உங்கள் ஜோடி ஒரு இஸ்பேட் என்றதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

கிழவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "நாலு இஸ்பேட். பேறே ஏனு ஹேளோது?" வேறென்ன சொல்வது என்று சலித்துக்கொண்டார்.

அந்த அறையில் எந்த முருகனையும் யாரும் கூப்பிடவில்லை. அந்தச் சீட்டே நாலுக்குப் போகச் சொல்லியிருக்கிறது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வக்கீல் கைகூப்பினார். "மன்னிக்கணும் ஸ்வாமி. அந்த மூன்று ஆட்டீனுக்கு நீங்கள் பாஸ் சொன்னபோதே எனக்கு உறுத்திவிட்டது."

"உங்களுக்கு உறுத்துச்சு. எங்களுக்கு அந்தப் பாஸாலதான் பந்தயமே போச்சு" என்றான் மச்சினன். போயிருந்தது. அடுத்த அறையில் எங்கள் சீட்டை வைத்து அவர்கள் மூன்று இஸ்பேட் சொல்லி எடுத்திருந்தார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஜட்காக்காரன் ஒருவன் தன்னைத்தான் அழைக்கிறேன் என்று வண்டியை நிறுத்திவிட்டான்.

"ஜெயிச்சீங்களா?" என்றாள் சம்சாரம்.

"தோத்துட்டோம்."

"தோத்துட்டு வர்ற மூஞ்சியா இது?" என்று இலை போட்டாள்.

மறுபடி அந்த வக்கீலோடு ஆட உட்கார்ந்தபோது நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சீட்டுக்குக் கை நீட்டினேன். அவர் சீட்டுப் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"முதலில் கூப்பிட்டுவிடுங்கள் ஸ்வாமி. எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் சீட்டை எடுக்கலாம்."

கூப்பிட்டேன். மேஜையில் இருந்த மூன்று பேரும் காத்திருந்தார்கள்.