அம்மாவையே கேட்ட நாள்

அரங்கனை நம்பி இங்கே கூடியிருக்கும் அன்பர்களே, என் வேண்டுதலை அவன் நிறைவேற்றவில்லை என்று ஒரு நாள் அவனை வாய்விட்டே திட்டியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வெளியூருக்குப் போன் பேச டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர், அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தேன். அண்ணன் ரகுவுக்கு நாக்பூரில் வேலை.

அந்த ஆடி மாதம் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் ரொம்பவும் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அது நின்றே போனது. மார்பை அழுத்தி அழுத்தி மீட்டார்கள். உயிர் வந்தது. ஆனால் விலா எலும்பு இரண்டு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா மூச்சு விடும்போதெல்லாம் முனகுவாள். அதைக் கேட்க எனக்குத் தாங்காது.

டாக்டர் என்னையும் துணைக்கு வந்திருந்த சித்தப்பாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மறுபடியும் நின்றால் அழுத்துவதா, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைப்பதா, அல்லது வலியில்லாமல் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவதா, இப்போதே யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மெஷினில் வைத்தாலும் இந்த இதயம் தேறாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சித்தப்பா என்னைத் தனியாக இழுத்தார்.

"நீ வாயைத் தொறக்காதே. ரகு சொல்லட்டும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பொண்ணு கூடவே இருந்து அம்மாவை அனுப்பிட்டான்னு ஊரே பேசும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் சனங்கள் பேசுவார்கள். தந்தி ஆபீசுக்கு ஓடி அர்ஜெண்ட் கால் பதிவு செய்தேன். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வேண்டுதல்: ரங்கநாதா, இந்த வார்த்தை என் வாயிலிருந்து வரக் கூடாது. அண்ணனுக்கு லைன் கொடு.

லைன் கிடைக்கவில்லை. மழையில் எங்கேயோ கம்பி அறுந்துவிட்டதாம். பாம்பின் மேல் சுகமாகப் படுத்திருக்கிறவனுக்கு நம் கஷ்டம் எங்கே தெரியப் போகிறது என்று வாய்விட்டே சொன்னேன். கால் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிடச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே வந்தேன்.

டாக்டர் அம்மாவின் கட்டிலருகே நின்றிருந்தார். அண்ணன் கிடைக்கவில்லை, யாரைக் கேட்பதென்று தெரியவில்லை என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீவ்யாக்கே அம்மாவ்ரன்னே கேளில்ல?"

ஏன் அம்மாவையே கேட்கவில்லை என்று கன்னடத்தில் கேட்கிறார். எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அம்மா முழு நினைவோடு இருக்கிறாள். ஆனால் நோயாளியின் முன்னால் சாவுப் பேச்சை எடுக்கக் கூடாது என்று நாங்கள் வராந்தாவிலேயே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் குனிந்து, பொறுமையாக, புரியும்படி கேட்டார். அம்மா அழவில்லை. பயப்படவுமில்லை.

"இன்னொரு தடவை அப்படி அமுக்க வேணாம், சாமி. குழாயும் வேணாம். வலி தெரியாம பாத்துக்குங்க. ரகு வந்தா அவன்கிட்ட நான் பேசணும்."

அன்று சாயங்காலமே லைன் வந்தது. அண்ணன் கத்தினார்.

"எவ்வளவு செலவானாலும் மெஷின்ல வைக்கச் சொல்லு!"

"அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணா."

"முடிவு பண்ண நீ யாரு?"

லைன் கட்டாகிவிட்டது. நான் பதிவு செய்தவுடனே கிடைத்திருந்தால் அம்மாவை யாரும் கேட்டிருக்க மாட்டோம். அண்ணன் சொன்னதுதான் நடந்திருக்கும். அன்பர்களே, அறுந்த கம்பியின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. அண்ணன் வருகிறவரை அம்மா இருக்க வேண்டுமே என்று பெருமாளைக் கெஞ்சினேன்.

இரண்டு ரயில் மாறி அண்ணன் வந்து சேர்ந்தார். என் முகத்தையே பார்க்காமல் நேராகக் கட்டிலுக்குப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சியைத் திட்டாதேடா. அவ ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொன்னது நான்தான்."

குழாய் போட்டிருந்தால் இந்த வார்த்தை வந்திருக்குமா? அண்ணன் கட்டிலில் தலையைக் கவிழ்த்துக் குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாதர் கோயில் தீர்த்தத்தை அண்ணன் தன் கையாலேயே கொடுத்தார். அம்மா விழுங்கினாள். அதற்கடுத்த நாள் காலையில், முனகல் இல்லாமல், எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்தபடி போய்ச் சேர்ந்தாள்.

அம்மா பிழைக்கவில்லை, உண்மைதான். ஆனால் நான் பயந்த அந்தப் பழிக்கு என்னை அவன் ஆளாக்கவில்லை. காரியத்தன்று ஒரு உறவுக்காரம்மா, "மெஷின்ல வெச்சிருக்கலாமே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அண்ணன் எழுந்துவிட்டார்.

"அம்மா சொன்னதை நாங்க ரெண்டு பேரும் செஞ்சோம்."

இப்போதெல்லாம் நம் கூட்டத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அரங்கனை நம்புங்கள், கேளுங்கள், என்னைப் போலத் திட்டவும் செய்யுங்கள், அவன் பொறுத்துக்கொள்வான். ஆனால் வராந்தாவில் நின்றுவிடாதீர்கள். உள்ளே போய், படுத்திருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவரையே கேளுங்கள்.