பைலிச் சேட்டனின் நிதானமும் கோபமும்

முள்ளன்பாறைக்கு நான் குடிவந்த அன்றே பைலிச் சேட்டனைப் பார்த்துவிட்டேன். என் கணவருக்கு அங்கே ஏலத்தோட்டத்தில் வேலை. எனக்கு மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. போடியிலிருந்து கொண்டுவந்த சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்ச் சாயாக்கடையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு பறந்து வந்து சேற்றில் சிதறியது. பின்னாலேயே ஒரு ஆள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"குலான் சீட்டை ஒளிச்சு வெச்சுட்டு ஆடுறவன்கிட்ட எனக்கென்ன ஆட்டம்? உன் அப்பனும் இப்படித்தான்டா ஆடினான். செத்த வீட்டுல உக்காந்து ஆடினான்."

உள்ளேயிருந்து யாரோ நிதானமாகச் சொன்னார்கள். "பைலி, சாயாவைக் குடிச்சிட்டுத் திட்டு. ஆறுது."

அவர் திரும்பி உள்ளே போனார். சாயாவைக் குடித்தார். மறுபடி வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இந்த மனுஷன் இருக்கும் ஊரில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று நான் பயந்தேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினால், டிரைவர் சீட்டில் அவரேதான் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பஸ் மலையிலிருந்து இறங்கியதை எப்படிச் சொல்வது? பிரசவ வலி எடுத்தவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போவதுபோல இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு, பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுப்பார். ஒரு கோழி சாலையைக் கடக்க யோசித்தால், அது முடிவெடுக்கும்வரை நிற்பார். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் யாராவது குடையோடு வருவது தெரிந்தால் அதற்கும் நிற்பார். பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் முந்திப் போய்விடும்.

உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா விடவில்லை.

"பைலிச் சேட்டா, அந்த நத்தை ரொம்ப நேரமா சைடு கேக்குது. குடுத்துடுங்க."

"என் மூத்த பொண்ணு இந்த பஸ்ஸுலதான் ஏறினா. இறங்கும்போது கல்யாண வயசு ஆயிருச்சு."

முந்தின நாள் சாயாக்கடையைப் பார்த்திருந்த நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கியர் மாற்றினார். கண்டக்டர் சுகதன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"புதுசா வந்திருக்கீங்களா சேச்சி? பயப்படாதீங்க. ஸ்டியரிங் வளையத்தைப் பிடிச்சுட்டா அவரு துறவி. இறங்கட்டும், பாருங்க."

ஸ்டாண்டில் இறங்கினோம். பைலிச் சேட்டன் கதவைத் திறந்து காலைத் தரையில் வைத்ததும் டைம்கீப்பரிடம் போய், "தாமதம்னு எழுதினியாமே, உன் பொண்டாட்டி உன்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கா தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

வருஷங்கள் போயின. நானும் அந்த ஊர்க்காரியாகிவிட்டேன். அவரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். வாய்த்தகராறில் இழக்காத வேலை இல்லை. அவரைத் துரத்தாத முதலாளி இல்லை. ஆனால் எந்த முதலாளியிடம் கேட்டாலும், அவர் வண்டி யார்மேலும் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். மீன்குழம்பில் குடம்புளி குறைந்தால் பக்கத்து மலைக்குக் கேட்கும். அவர் மனைவி ரோசக்குட்டி, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, "அங்கே போய் அதுகிட்டயே திட்டு. எனக்கு ஜெபத்துக்கு நேரமாச்சு" என்பாள்.

ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவார். வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்தால் சின்னப் பையனுடையதுபோல இருக்கும். சாயாக்கடை வழியாக வந்தால் மெஷினே மிரளும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சேட்டா, உங்களுக்குள்ளே ரெண்டு பேர் இருக்காங்களா?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"நான் கிளீனரா இருந்தப்போ ஒரு லாரியில போனேன் சிஸ்டரே. டிரைவர் நல்ல மனுஷன். முன்னாடி போனவன் ஏதோ சொல்லிட்டான்னு விரட்டினாரு. நான் வெளியே தெறிச்சு விழுந்தேன். அவரைப் பள்ளத்துலேர்ந்து எடுக்க ரெண்டு நாள் ஆச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கோவம் பிறவிக்குணம். அதை மாத்த முடியலை. ஆனா வண்டியில ஏத்த மாட்டேன். அதுக்கு டிக்கெட் கிடையாது. என்ன பண்றது, அது ஸ்டாண்டுல எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது."

கர்க்கடக மாதம் வந்தது, நம் ஆடி. அந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, விடாமல் பெய்தது. ஒரு காலையில் பஸ் நிறையக் கூட்டம். ஜன்னல் படுதாவெல்லாம் இறக்கிவிட்டு உள்ளே ஈரக்குடை வாடை. எனக்குப் பின்னால் கடைசி வரிசையில் தங்கமணி உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். என்னிடம் காட்டத்தான் வந்துகொண்டிருந்தாள்.

சாலையோரச் சிலுவைக் கோவிலான குருசடியைத் தாண்டி, மலையிலிருந்து ஓடை விழும் வளைவுக்கு முன்னால் பைலிச் சேட்டன் வண்டியை நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். படுதாவை விலக்கி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மழைக்காலம் முழுக்கப் பேரிரைச்சலோடு விழும் ஓடை அன்று அத்தனை மழையிலும் விழவில்லை. வெறும் பாறை நனைந்துகொண்டிருந்தது.

பின்னால் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று வந்து ஒட்டி நின்று ஹாரன் அடித்தது. பின்னுக்கு எடுக்க வழியில்லை.

"எல்லாரும் கொஞ்சம் இறங்கணும்" என்றார் பைலிச் சேட்டன். பஸ்ஸில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு மெல்லிய குரல். "இறங்கி, வந்த வழியே குருசடிக்குப் போயிருங்க. ஓடையில தண்ணி வரலை. மேலே எங்கேயோ அடைச்சிருக்கு. உடைஞ்சா இங்கேதான் வரும்."

யாரும் அசையவில்லை.

முன்சீட்டில் குஞ்ஞப்பன் இருந்தார், பழைய பஞ்சாயத்து மெம்பர். கோர்ட்டில் அவருக்கு அன்று வாய்தா. "தண்ணி வந்தா பயம், வரலைன்னாலும் பயமா? எடுய்யா வண்டியை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பைலிச் சேட்டன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து கீழே குதித்தார்.

குதித்தவர் வேறு ஆள். சீட்டுக்கடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவிப் பஸ் தகரத்தில் ஓங்கி அறைந்தார். காது கிழிந்தது. பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை நான் எழுத முடியாது. குஞ்ஞப்பனுடைய அம்மாவில் தொடங்கி, அவர் ஜெயித்த தேர்தலுக்குப் போய், சிரித்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தது. படியேறி வந்து குஞ்ஞப்பனின் சட்டைக் காலரைப் பிடித்து மழையில் இழுத்துப் போட்டார். பித்தான்கள் தெறித்தன. குஞ்ஞப்பனுக்காக அவர் ஆட்கள் இறங்கினார்கள். தங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்ட மற்றவர்களும் இறங்கினார்கள். லாரி டிரைவரும் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்தார். அவருக்கும் ஒரு பங்கு கிடைத்திருந்தது.

பைலிச் சேட்டன் கம்பியை ஆட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே, பின்பக்கமாக நடந்து மலையேறினார். கூட்டம் அவரை அடிக்க அவர் பின்னாலேயே ஏறியது. குடை பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. என்னைப் பற்றியும் போடியைப் பற்றியும் அவர் ஒன்று சொல்லியிருந்ததால் நானும் கோபமாகத்தான் நடந்தேன். அப்படியே குருசடிவரை வந்துவிட்டோம்.

அங்கே வந்ததும் அவர் திட்டுவதை நிறுத்தினார். பஸ் கண்ணாடியில் பார்ப்பாரே, அதுபோல எங்கள் தலைகளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"கர்ப்பிணிப் பொண்ணு எங்கே?"

நான் திரும்பிப் பார்த்தேன். தங்கமணி பஸ்ஸிலேயே இருந்தாள். இத்தனை சண்டைக்கு நடுவே இறங்கப் பயந்திருக்கிறாள்.

கம்பியைச் சுகதன் கையில் கொடுத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். ஓடிப் போனார். வரும்போது ஓடவில்லை. தங்கமணியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி, சேற்றில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைக்கச் சொல்லி, தன் பஸ்ஸை ஓட்டுவதுபோல நடத்திக்கொண்டு வந்தார். மேலே மரங்கள் முறியும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் எல்லோரும் "ஓடி வா, ஓடி வா" என்று கத்தினோம். அவர் காதில் வாங்கவே இல்லை. அவள் காதருகே ஏதோ பேசிக்கொண்டே வந்தார். "கீழே பார் மோளே, மேலே பாக்காதே, நமக்கு நேரம் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிறகு அவள் சொன்னாள்.

அவர்கள் குருசடிப் படியைத் தொட்டபின் மலை இறங்கியது. பஸ்ஸும் லாரியும் நின்ற இடத்தில் மண்ணும் பாறையும் வேரோடு மரங்களும்தான் இருந்தன.

பைலிச் சேட்டன் படியில் உட்கார்ந்தார். நாடியைப் பிடித்தேன். பறந்துகொண்டிருந்தது. குஞ்ஞப்பன் கிழிந்த சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பைலி, எங்கம்மாவைப் பத்திச் சொன்னியே..."

"சொன்னது சொன்னதுதான்."

"சரி" என்றார் குஞ்ஞப்பன். தன் தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து அவர் தலையைத் துவட்டிவிட்டார். துவட்டத் துவட்டக் குஞ்ஞப்பனின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

மழை விட்டபின் சர்ச்சில் நன்றிக்கூட்டம் வைத்தார்கள். பங்கு அச்சன் பேசினார், எல்லோரும் பேசினார்கள். பைலிச் சேட்டனின் நிதானத்தைப் புகழ்ந்தார்கள். கோபத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ரோசக்குட்டியை மேடையேற்றினார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"நிதானத்துக்கு நன்றி சொன்னீங்க, சந்தோஷம். ஆனா அன்னைக்கு நிதானமா சொன்னப்போ நீங்க யாரும் இறங்கலையே. அவருக்கு வாய் சரியில்லைன்னு கல்யாணமான நாள்லேர்ந்து கர்த்தர்கிட்ட நான் அழுதிருக்கேன். எடுத்துடும்னு கேட்டிருக்கேன். அவர் எடுக்கலை. இப்போ எதுக்குன்னு தெரிஞ்சுது. இனிமே கேக்க மாட்டேன். ஆனா குழம்பு விஷயத்துல மட்டும் கேப்பேன்."

சிரிப்பு அடங்க நேரமானது. என் பக்கத்தில் இருந்த சுகதன் சிரிக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கமணிக்கு அந்த மாதமே பெண் பிறந்தது. நான்தான் கையில் வாங்கினேன். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். பைலிச் சேட்டன் வளையத்தை விட்டுச் சில வருஷமாகிறது. அந்த வளைவில் புதுச்சுவர் கட்டிப் பாதையை அகலப்படுத்திவிட்டார்கள். பஸ்கள் பறக்கின்றன. கணவர் ஓய்வு பெற்றதும் போடிக்கே போய்விடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. காலையில் வாசல் பெருக்கும்போது எதிரே சாயாக்கடையில் அவர் யாரையோ கிழித்துக்கொண்டிருப்பது கேட்கும். நான் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு, முடியும்வரை நின்று கேட்பேன்.